நாலு பேருக்கு ஐந்து சிப்பி

லிமா, ப்ரெஞா
புதன்கிழமை

அன்பு மகன் ரெனானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முழங்கால் எப்போதும் போல. நீயும் நலம் என்று போன வாரம் போனில் சொன்னாய், சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினாய். மிலானில் நலமாக இருப்பவர்கள் அப்படித்தான் இருமுவார்கள் போலிருக்கிறது, அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நன்றி சொல்ல வேண்டும். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே, பர்ரான்கோவில் பேர் போன உணவகத்தில் ஞாயிறு மதியத்துக்கு மேஜை பிடித்து, பணமும் முன்னாலேயே கட்டி வைத்தாயே, எந்தத் தாய்க்குத்தான் வயிறு குளிராது. எனக்கும் குளிர்ந்தது. போகும்போது காலியாக இருந்தது, திரும்பும்போதும் காலியாக இருந்தது, அதனால் நன்றாகவே குளிர்ந்தது. சாப்பாடு எப்படி என்று திங்கட்கிழமை போனில் கேட்டாய், அப்பா பக்கத்தில் நின்றதால் நல்லா இருந்துச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். நடந்தது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேஜை எங்கள் இரண்டு பேருக்குத்தான் என்று நம்பி நான் நீலப் பூப் போட்ட கவுனும் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டும் போட்டுக்கொண்டு போகிறோம், அங்கே உன் சித்தப்பா நிக்கானோரும் சித்தி தோமித்திலாவும் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் நீதான் அழைத்திருக்கிறாய், அவர்களும் தங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகா, என்ன மூளை என் பிள்ளைக்கு. ஒரே வீடு, நாங்கள் கீழே, அவர்கள் மாடி, இரண்டு குடும்பமும் ஒரே இடத்துக்குக் கிளம்பி, நாங்கள் முனையில் வெயிலில் நின்று டாக்சிக்குக் கை காட்டுகிறோம், உன் சித்தப்பா தன் சொந்த டாக்சியில் எங்களைத் தாண்டிப் போகிறார். கண்ணை நேராக வைத்துக்கொண்டு போனார். அப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருஷமாக அண்ணனும் தம்பியும் இப்படித்தான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்பதைக்கூட அப்பா என்னிடம் சொல்லி, நான் சித்தியிடம் சொல்லி, சித்தி சித்தப்பாவிடம் சொல்லி, அதற்குள் படிக்கட்டு முழுக்கத் தண்ணீர்.

சண்டை எதனால் என்று நீ பல தடவை கேட்டாய், நான் மழுப்பினேன். உன் வழியனுப்பு விருந்தில்தான் நடந்தது, நீ பாஸ்போர்ட்டை எல்லாருக்கும் காட்டி ஆடிக்கொண்டிருந்தாய், உன் கண்ணில் எது பட்டது. நம் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரே பாட்டில், ஒரே கிளாஸ், ஊற்றிக்கொண்டு பாட்டிலை அடுத்தவர் கையில் கொடுத்து, குடித்து, அடியில் நிற்கும் நுரையைத் தரையில் உதறிவிட்டு, கிளாசையும் நீட்ட வேண்டும். அன்றைக்கு அப்பா குடித்துவிட்டுத் தம்பியிடம் கிளாசை நீட்டினார். தம்பி அதை வாங்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டார். ஊரே பார்த்தது. அப்பா நீட்டிய கையோடு அப்படியே நின்றார். கூடப் பிறந்தவன் வாய் பட்டது அவனுக்கு அசிங்கமாப் போச்சா என்று அன்று ராத்திரி என்னிடம் கேட்டவர்தான், அதற்குப் பிறகு தம்பி பேரைச் சொன்னதில்லை. அடுத்த நாள் உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கும் சித்தப்பா வரவில்லை, நீயும் மனசில் வைத்துக்கொண்டாய், எனக்குத் தெரியும். இப்போது சித்தப்பாவும் சித்தியும் தெற்கே தூரத்தில் தக்னாவில் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு செய்து, மாதக் கடைசிக்கு லாரி பேசி, பெட்டிகளைக் கட்டிப் படிக்கட்டில் அடுக்கிவிட்டார்கள். தினமும் அந்தப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்குகிறேன், ரெனான். தோமித்திலா போய்விட்டால் நான் யாரோடு சிரிப்பேன்? உன் அப்பாவோடா? இதெல்லாம் உனக்குத் தெரிந்துதான் அந்த மேஜையைப் பிடித்தாய், அதற்காக மட்டும் உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டுக்காகத் திட்டுகிறேன்.

உட்கார்ந்ததும் என் கைப்பைக்கு ஒரு சின்ன ஸ்டூல் கொண்டு வந்து சித்தப்பாவுக்கு வலது பக்கம் போட்டார்கள். என் கைப்பை பிறந்ததிலிருந்து அதற்குத் தனி இருக்கை கிடைத்தது அன்றைக்குத்தான். பரிமாறும் பெண் வந்தாள், கழுத்தில் மீன் பச்சை குத்தியிருந்தாள், முதல் தடவையா வர்றீங்க, எங்க இடத்தோட தத்துவம் தெரியுமா என்றாள். பசிக்குதும்மா, தத்துவத்தைச் சாப்பிட்டப்புறம் சொல்லேன் என்றார் அப்பா. அவள் விடவில்லை. இங்க தனித்தனித் தட்டே கிடையாது, எல்லாம் மேஜை நடுவுல வரும், எல்லாரும் ஒண்ணா பகிர்ந்துக்கணும், அதுதான் அனுபவம் என்று கையை விரித்துக் காட்டினாள். என் அம்மா வீட்டில் ஆறு பிள்ளைகள் ஒரே சட்டியில் சாப்பிட்டோம், அதற்குப் பேர் அனுபவம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, போதவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் உருளைக்கிழங்கு வந்தது. தட்டில் இல்லை, கருங்கல்லின் மேல், கோலிக்குண்டு அளவில், சுற்றிலும் கறுப்பாக ஏதோ தூவி. என்ன இது என்றேன், மண் என்றாள், சாப்பிடுற மண்ணாம். நாங்கள் கிழங்கில் இருக்கிற மண்ணைக் கழுவிவிட்டுச் சமைப்போம், இவர்கள் கழுவிவிட்டு மறுபடி தூவுகிறார்கள், இரட்டை வேலை, அதனால்தான் அந்த விலை போலிருக்கிறது. அப்புறம் எலுமிச்சையில் ஊறின மீன், குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குக் கிண்ணம், உள்ளே ஒரு ஊதாப் பூ, பூவைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மீன் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் கம்பியில் குத்திச் சுட்ட மாட்டு நெஞ்சுக்கறி, தெருமுனையில் தட்டு நிறைய வாங்கித் தின்போமே அதேதான், இங்கே ஒரே ஒரு கம்பி, செங்கல்லில் நட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆறிப்போன பிறகு சாப்பிட்டார்கள். எங்கள் மேஜையில் எல்லாம் நடுவில் இருக்கிறது, அண்ணன் கை நீட்டினால் தம்பி கூரையைப் பார்க்கிறார், தம்பி கை நீட்டினால் அண்ணன் ஜன்னலைப் பார்க்கிறார். நானும் தோமித்திலாவும் இரண்டு பக்கமும் ஊட்டிவிடாத குறை.

அடுத்துதான் சிப்பி வந்தது, சீஸ் போட்டுச் சுட்டது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உயிர். உப்புக் குவியல் மேல் ஐந்து சிப்பி. மேஜையில் நாலு பேர். இப்படி யோசித்தவனுக்குக் குடும்பம் என்றால் என்ன கோபமோ. ஆளுக்கு ஒன்று போனது, ஐந்தாவது நடுவில் நின்றது. யாரும் தொடவில்லை. அந்தப் பெண் வந்து எடுத்துடட்டுமா என்றாள், இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உன் சித்தப்பா தன் முள்கரண்டியை நக்கிச் சுத்தம் செய்து, அதன் ஓரத்தாலேயே சிப்பிக்குள் இருந்ததை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியோடு சிப்பியை அண்ணன் பக்கம் தள்ளினார். பாவம், அந்த மனுஷன் சமாதானம் பேச வேறு வழி தெரியாமல் அப்படிச் செய்தார்.

உன் அப்பா இருக்கிறாரே. மூன்று வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு இது, “ஏன்டா நிக்கானோர், அன்னிக்கு என் எச்சில் உனக்குக் குமட்டுச்சு, இன்னிக்கு உன் எச்சிலை நான் திங்கணுமா? பர்ரான்கோ எச்சில் வேற, ப்ரெஞா எச்சில் வேறயா?” அந்தக் குரலுக்குப் பக்கத்து மேஜைக்காரன் போனைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது. சித்தப்பா “அண்ணே” என்றார். தோமித்திலா கையைத் துடைத்துக்கொண்டாள், நான் சொல்லிடுறேன் என்றாள், வாய மூடு என்றார் அவர். “மூணு வருஷமா மூடியாச்சு, அற்புத ஆண்டவர் மேல சத்தியம் வாங்கிட்டீங்க, ஆண்டவர் என்னை மன்னிச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உன் விருந்துக்கு முந்தின நாள்தான் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சித்தப்பாவுக்குக் காசநோய்.

தெரிந்தால் டாக்சியில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள், தெருவில் கதவைச் சாத்துவார்கள் என்று வாயைத் திறக்கவில்லையாம். தினமும் காலையில் வேறு பேட்டைச் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் முன்னால் நின்று மாத்திரை விழுங்கியிருக்கிறார், ஆறு மாசம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார், ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வருவார், எவளையோ வைத்திருக்கிறார் என்று நினைத்து மனசுக்குள் தோமித்திலாவுக்காக அழுதிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல. அந்த மாசம் தோமித்திலா இலவசம் இலவசம் என்று என்னையும் அப்பாவையும் இழுத்துப் போய் நெஞ்சுப் படம் எடுக்க வைத்தது ஏன் என்றும் இப்போதுதான் புரிந்தது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அது காற்றில் பரவுவதாம், கிளாசில் இல்லையாம். விருந்துக்கு மறுநாள் காலையில்தான் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ஆக அந்தக் கப்பே தேவைப்படவில்லை, அந்தச் சண்டையும்தான்.

அப்பா சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மெதுவாகச் சொன்னார், “உன் எச்சில் எனக்கு என்னண்ணே, சின்ன வயசுல உன் வாயிலருந்து பிடுங்கித் தின்னவன் நான். எனக்கப்புறம் கிளாஸ் யார் கைக்குப் போவுது? பையன் கைக்கு. மறுநாள் விமானம் ஏறப் போறவன், அவனுக்கு நான் இதையா குடுத்து அனுப்பறது?” ஆமாம் ரெனான், அன்றைக்குச் சித்தப்பாவுக்கு வலது பக்கம் நின்றவன் நீ. விமான நிலையத்துக்கு வராததும் அதனால்தான், காருக்குள் உன்னோடு ஒரே காற்றை மூச்சு விடக்கூடாது என்று மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று நீ கிளம்புவதைப் பார்த்திருக்கிறார். குணமான பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், “ஒரு தடவை, ஏன்டா அப்படிச் செஞ்சேன்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லியே.”

உன் அப்பா அந்தப் பாதிச் சிப்பியை எடுத்து வாயில் போட்டார், மென்றார், மென்றார், அவ்வளவு நேரம் மெல்ல அதில் ஒன்றுமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரிய பீர் கொண்டு வரச் சொன்னார். அந்தப் பெண் நாலு கிளாஸ் கொண்டு வந்தாள். மூன்றைத் தள்ளி வைத்தார். சார், ஆளுக்கு ஒண்ணு என்றாள் அவள். “ஏம்மா, எல்லாத்தையும் பகிர்ந்துக்கணும்னு நீதானே சொன்ன?” என்றார் அப்பா. ஊற்றினார், குடித்தார், அவர்களுடைய பளபளப்பான மரத் தரையில் நுரையைப் படீரென்று உதறினார், அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கிளாசைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கினார், குடித்தார், உதறினார். உதறிவிட்டு, பழக்கத்தில், வலது பக்கம் நீட்டினார். அங்கே ஸ்டூலில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. யாரோ வாங்கிக்கொள்வார்கள் என்பது போல நீட்டியபடியே இருந்தார், பிறகுதான் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் எழுந்து போய் வாங்கினேன். உன் பங்கையும் சேர்த்துக் குடித்தேன், அதனால் கொஞ்சம் தலை சுற்றியது.

திரும்பும்போது நாலு பேரும் சித்தப்பா டாக்சியில்தான் வந்தோம். வழியில் கோழி சுடும் கடையில் நிறுத்தி ஒரு முழுக் கோழியும் மலை போல உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிக் கையால் பிய்த்துச் சாப்பிட்டோம், யாரும் வந்து தத்துவம் சொல்லவில்லை. உன் அன்பளிப்புக்குக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, அடுத்த வருஷம் நேரே கோழிக் கடைக்குப் பணம் கட்டிவிடு. பெட்டிகள் இன்னும் படிக்கட்டில்தான் இருக்கின்றன, போக மாட்டோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஒரு பெட்டியைப் பிரித்துக் கெட்டிலை எடுத்திருக்கிறார்கள். இன்று காலை தொட்டி வழிந்தது, அப்பா என்னிடம் சொல்லவில்லை, படிக்கட்டின் கீழே நின்று டேய் நிக்கானோர் என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், வெங்காயம்கூட நறுக்கவில்லை.

இனி உன் இருமல். ஜலதோஷம்தான் என்கிறாய், அப்படியே இருக்கட்டும், அற்புத ஆண்டவர் உன்னைக் கையில் ஏந்திக் காக்கட்டும், உனக்கு ஒன்றும் வராது. ஆனாலும் இந்த வாரமே போய் நெஞ்சுப் படம் எடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னபடி எங்களுக்குச் சொல். நீயும் இந்த வீட்டுப் பிள்ளை, மறைக்கிற வித்தை உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே, சித்தப்பாவுக்குப் போடு. விமான நிலையம் பற்றி எதுவும் பேச வேண்டாம், எப்படி இருக்கீங்க சித்தப்பா என்று கேள், அது போதும். இருமுறியா என்று அவர் கேட்பார், அவரிடம் மட்டும் பொய் சொல்லிப் பார்க்காதே. ஆறு மாசம் ரொட்டி வாங்கப் போன மனுஷன் அவர்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தட்டில் போட்டுச் சாப்பிடு. நாங்கள் நாலு பேரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். கிளாஸ் சுற்றி வரும்போது சித்தப்பாவுக்கு வலது பக்கம் இப்போதைக்கு நான் உட்கார்ந்து இடம் பிடித்து வைத்திருக்கிறேன், எனக்கோ பீர் ஒத்துக்கொள்வதில்லை, சீக்கிரம் வந்து சேர்.

உன் அம்மா
சொராய்தா