ஸ்டெல்லாவின் அம்மா பார்த்த பாடம்

ஜூலை 14, திங்கள். சாந்தன்பாறை.

பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிக்க வேண்டும். இதுதான் நான் கொண்டுவந்த புது முறை. இன்று தொழிலாளர் உரிமைகள். ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லா பார்க்கவில்லை.

"போன் அம்மாகிட்ட இருந்துச்சு டீச்சர். ஏலக்காட்டுல கஞ்சி நேரத்துல அம்மாதான் பாத்துச்சு. கக்கூஸ் கட்டித்தரணும்னு சட்டம் இருக்காமேன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுருச்சு. நாளையிலருந்து வரவேண்டாம்னுட்டாங்க."

விவாதிக்க வேண்டிய பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

நான் செய்தது சரியா, தப்பா? பரீட்சைக்காகத்தானே அந்த வீடியோவை எடுத்தேன்? அடுத்ததை அனுப்பவே பயமாக இருக்கிறது.

இப்போதுதான் ஸ்டெல்லா அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"டீச்சர், மிச்சப் பாடத்தையும் அனுப்புங்க. இப்ப வீட்டுலதான இருக்கேன்."