புங்க இலை குத்திய மனு

அடியே, இன்று காலை நம் பஸ்ஸைத் தவறவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் நம் ஸ்டாப்பில், நீ நட்ட புங்க மரத்தடியில்தான் நின்றிருந்தேன். உறுமல் கேட்கும், டீசல் நாற்றம் வரும், அப்புறம் திரும்பினால் போதும் என்று இருந்தேன். ஒரு பஸ் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, போயும் விட்டது. பேட்டரி பஸ்ஸாம், சோதனை ஓட்டமாம். பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. ரோட்டில் நின்று பைத்தியம் மாதிரிச் சிரித்தேன். நீ போன இரண்டு வருஷத்தில் இப்படி வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

பதினோரு வருஷம் ஒன்றாகத் தில்லை நகர் கிளினிக்குக்குப் போனோம். நீ நர்ஸ், நான் டோக்கன் கொடுப்பவள். சித்திரை வெயிலில் மயங்கி வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுவதைப் பார்த்து உனக்குக் கோபம் வந்தது. பூமி சூடாக நம் ஊர்ப் புகையும் காரணம், அதைக் குறைப்பது அரசாங்கத்தின் வேலை, அதை ஒப்புக்கொண்டு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அரசு பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள் என்று மனு எழுதினாய். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் மனு நாளுக்குக் கிளம்பினாய். "உனக்கு வேற வேலை இல்லையாடி?" என்று திட்டிக்கொண்டே நானும் வந்தேன்.

மனு வாங்கியவர் பொறுமையாகப் படித்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு புங்கங்கன்றை எடுத்து நீட்டினார். "நல்ல எண்ணம்மா. ஆளுக்கு ஒரு மரம் வச்சா எல்லாம் சரியாயிடும்."

நீ சிரித்த முகமாக வாங்கி வந்து ஸ்டாப்புக்குப் பின்னால் நட்டாய். துளிர் விட்டதும் ஓர் இலையைக் கிள்ளி, புது மனுவில் குத்தி எடுத்துப் போனாய்.

"என் பங்கை நட்டுட்டேன் சார். உங்க பங்கு எங்க?"

அவர் திருதிருவென்று விழித்துவிட்டு இன்னொரு கன்றைக் கொடுத்தார். இப்படியே நாலு கன்று. ஒன்றை மாடு மேய்ந்துவிட்டது. வெறும் காம்பை மனுவில் குத்தி, "மாடு தின்னது போக மிச்சம் சார்" என்றாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த ஒரு வரி மட்டும் வரவே இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் "மனு என்னாச்சுடி?" என்றுதான் கேட்டாய். அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் ஆறவில்லை.

அடுத்த பஸ் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. இன்று திங்கள்கிழமை. ஓர் இலையைப் பறித்துக்கொண்டு ஏறினேன். கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு நேரே மனு நாளுக்குப் போனேன். ஒரு பஸ் போதாது, எல்லாமே மாற வேண்டும் என்று வரிசையில் நின்றபடியே எழுதினேன். நம் இரண்டு பேர் பெயரையும் போட்டு, இலையைக் குத்தினேன்.

அதே மனிதர்தான், தலை நரைத்திருக்கிறது. இலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அந்த நர்ஸம்மா வரலீங்களா?"

சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்தார். கை மேசைக்கடிக்குப் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

"அவங்க கேட்டது சரிதாங்க. இது எங்க வேலைதான்."

சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் உன்னோடு பதினோரு வருஷம் பஸ்ஸில் போனவள் அதோடு விடுவேனா? என் பையில் இன்னும் கிடக்கும் உன் நீலப் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"அதை எழுதிக் குடுங்க சார்."