உள்ளிக் கசாயமும் கொப்பரின் வலது கண்ணும்

சண்டிலிப்பாய்

அன்பு மகள் தக்சாயினிக்கு,

நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க நகுலேஸ்வரப் பெருமான் துணை. இங்கே நான் சுகம். கொப்பர், உன் அருமை அப்பா, உயிரோடு இருக்கிறார், அதையும் சுகம் என்று எழுதலாமென்றால் அவரும் சுகம்.

போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். "சின்னக் காய்ச்சல் பிள்ளை, மாறியிட்டுது" என்று அவர் உனக்குச் சொன்னதை நம்பாதே. டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் போட்ட குழாயில் பங்கசு என்கிற பூஞ்சணக் கிருமி பிடித்து இரத்தத்தில் ஏறியதும், அதைக் கழற்றி வேறு குழாய் போட்டு, விழுங்கக் குளிசையும் தந்து வீட்டுக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும். தெரியாதது நீ செய்த வைத்தியத்தின் மிச்சம். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிசை ஈரலைத் தின்றுவிடும், நிற்பாட்டிவிட்டு உள்ளிப்பூண்டு அவித்துக் குடியுங்கோ என்றாயாம். நான் குளிசையை நீட்டினால், "உனக்கென்ன தெரியும், பிள்ளை படிச்சவள்" என்று முகத்தைத் திருப்பினார். நீ படித்தது கணக்கியல் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கு மறந்துவிட்டது. வீடெல்லாம் உள்ளி மணம், கொப்பருக்கோ ராசா மாதிரி நடை. பிறகு நடுக்கம் பிடித்தது, இருந்த போர்வையெல்லாம் போர்த்தும் அடங்கவில்லை. அப்போதும் கீரிமலைத் தீர்த்தக் கேணியில் ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும் என்றார். பக்கத்து வீட்டு றஜிந்தனின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால் அதே பங்கசு. "குளிசையை இடையிலை விட்டவரோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அந்தக் குழாயையும் கழற்றி, ஊசியால் மருந்து ஏற்றினார்கள். இதயத்தை ஸ்கான் பண்ணினார்கள், அது தப்பியது. வலது கண்ணுக்குள் பங்கசு பரவி வெள்ளைப் புள்ளிகள். இப்போது அந்தக் கண்ணுக்கு நான் வெறும் புகை. இத்தனை வருடம் என்னைத் தெளிவாகப் பார்த்து என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டேன், சிரித்தார், பிறகு அழுதார். நானும்தான்.

காய்ச்சலில் பிதற்றியபோது, ஊசி போட வந்த நேர்ஸ் பிள்ளையை நீ என்று நினைத்து, "தக்சா சொன்னால் சரி" என்று கையை நீட்டினார். அவளும் "ஓம் அப்பா, நான்தான்" என்று சொல்லி வேலையை முடித்தாள். இரத்தம் இப்போது சுத்தமாம், மறுபடி ஒரு குழாய் போட்டு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். கண்ணுக்காக இன்னும் பல கிழமை குளிசை இருக்கிறது. கழுத்தில் குழாய் இருக்கும்வரை இது திரும்பலாமாம், கையிலுள்ள இரத்த நாளங்களை இணைத்து ஒரு சின்ன ஒப்பரேசன் செய்தால், அது தேறியபின் கையிலேயே டயாலிசிஸ் செய்யலாம், குழாயே வேண்டாமாம். கத்தி என்றால் கொப்பர் கட்டிலுக்கடியில் ஒளிப்பார். நான் சொல்லிக் களைத்துவிட்டேன். என் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை, உன் விசர்க் கதைக்கோ மனுசன் ஒரு கண்ணையே கொடுத்திருக்கிறார்.

உனக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள், கோபம் தனி, ஆசி தனி. இது கிடைத்த அன்றே போன் எடுத்து, "அப்பா, ஒப்பரேசனுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ, குளிசையை விடாதையுங்கோ" என்று சொல். அம்மா சொல்லித் தந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே, பிறகு கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவகௌரி