பவழ டயலும் உன் இடது கையும்

என் அருமை ஜமீலாவுக்கு, உன் கபர்க்குழி நிறைய வெளிச்சம் இருக்கட்டும்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நம் மகள் ஷமீமா மட்டும் தஞ்சாவூர் திரும்பாமல் இருக்கிறாள். சோறு பொங்குகிறாள், துணி மடிக்கிறாள், என்னோடு அதிகம் பேசுவதில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் கிறுக்கு உனக்குத் தெரியும். துபாயில் கடை வைத்திருந்த காலத்தில் பிடித்தது. பழைய சுவிஸ் தங்கக் கடிகாரங்கள்! டயல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். கிளிப்பச்சை, வெங்காயத்தோல், மயில்கழுத்து என்று நீ அவற்றுக்குப் புடவை நிறங்களின் பேரை வைத்தாய். இத்தனை வாங்கியும் ஒன்றைக்கூட நான் கட்டியதில்லை. நம் மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் ஆகாது. ஊரில் எனக்குக் கடிகாரப் பைத்தியம் என்று பேர். என் கையில் கிடப்பதோ சாதா ஸ்டீல் வாட்ச்.

"உங்களுக்கு ஆகாத பொருள் மேல இவ்வளவு ஆசை எதுக்கு மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே நீதான் கையை நீட்டுவாய். நம் மன்னார்குடி வீட்டு மொட்டைமாடியில், காலை வெயிலில், உன் கையில் கட்டிப் படம் எடுத்து என்னைப் போன்ற கிறுக்கர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். "மீன் அலசுற கை, கழுவிட்டு வந்துடுறேன், இருங்க" என்பாய். "வெயில் போயிடும், சீக்கிரம் வா" என்பேன். ஒரு நாளாவது பொறுமையாக நின்றிருக்கிறேனா?

போன வாரம் ஷமீமா, "அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க அத்தா" என்றாள். போனையே கொடுத்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் உன் இடது மணிக்கட்டு. குழுவுக்கு முகம் தெரிய வேண்டாம் என்று நீ சொன்னது சரி. வீட்டுக்கென்று ஒரு படம் எடுத்துவைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? உன் முகம் ஆதார் அட்டையில்தான் இருக்கிறது. அதுவும் உன்னை மாதிரியே இல்லை.

பிறகு அவள் விரல் நின்றது. பின்னால் போனாள், முன்னால் வந்தாள்.

"இங்க பாருங்க அத்தா. இதுல மணிக்கட்டு எலும்பு தெரியுது. இதுல தெரியல. இதுல வாட்ச்சு சதையில பதிஞ்சே கிடக்கு. நீங்க பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. தங்கப் பட்டை எட்டவில்லை என்பதைத்தான் பார்த்தேன். பத்தரிடம் கொடுத்து ஒரு கண்ணி சேர்த்து வாங்கிவந்தேன். பெண்டாட்டி கை ஏன் பெருத்தது என்று கேட்காமல் பட்டையைப் பெரிசாக்கிய புத்திசாலி நான்.

கடைசிப் படம் நன்னிலம் சாலையில் எடுத்தது. பவழ நிற டயல், பின்னால் சம்பா நட்ட வயலின் பச்சை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று காரை நிறுத்தினேன். "கால் கனமா இருக்கு மச்சான், செருப்பே நுழையல" என்றாய். "செருப்பில்லாமத்தான் வாயேன், எடுத்ததும் போயிடலாம்" என்றேன். ஈர வரப்பில் வெறுங்காலோடு வந்து கையை நீட்டினாய். அந்தப் படத்தைக் குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் அன்றெல்லாம் மனம் குளிர்ந்துபோயிருந்தேன்.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. "கை கால் முன்னாடியே வீங்கியிருக்குமே, வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "எனக்கே தெரியல டாக்டர், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாய். படுத்த படுக்கையிலும் என் மானத்தைக் காப்பாற்றினாய். 

நேற்று பழக்கதோஷத்தில் ஒரு கடிகாரத்தைத் துணி மேல் வைத்துப் படம் போட்டேன். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், "என்ன பாய், கையைக் காணோம்? அந்தக் கையிலதான வாட்ச்சே அழகு" என்று எழுதினார். அவருக்கு என் பதிலாக இந்தக் கடிதத்தையே அங்கே போடப்போகிறேன்.

போனில் இதுவரை எழுதியதை முதலில் ஷமீமாவிடம் காட்டினேன். கடைசி வரி வரை படித்தாள்.

"எல்லாரும் உங்களக் கேவலமா நினைப்பாங்க அத்தா."

"நினைக்கட்டும்மா."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "சாப்பிட வாங்க" என்றாள். அவளாக என்னைக் கூப்பிட்டு நாளாகிவிட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தப் படங்களைப் பார்த்து யார் எது கேட்டாலும் கடிகாரத்தின் பேரைச் சொல்லமாட்டேன். இது ஜமீலாவின் கை, என் மனைவி, கை வீங்கியிருந்தது, நான் டயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வேன்.

உன் மச்சான்