குடில் பெட்டிக்குள் வைத்த மருந்து

ஸ்காபரோ,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லெஸ்லிக்கு,

மாதாவின் காவலில் நானும் உன் சித்தி மக்டலீனும் எழும்பி நடமாடுகிறோம், என் சுகர் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. வன்கூவரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. பதினெட்டு நாளாக நீ போன் எடுக்கவில்லை, அனுப்புகிற மெசேஜுக்கு, பார்த்துவிட்டாய் என்று நீலச் சரி அடையாளம் விழுகிறது, அதைப் பார்த்துத்தான் பிள்ளை மூச்சோடு இருக்கிறான் என்று சித்தி ஆறுதல் கொள்கிறாள். போனை எடுக்காதவன் பார்சலையாவது பிரிப்பான் என்று அதற்குள் இதை வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் எங்கள் பங்கில் சீமோனைப் போலக் கடிதம் எழுத ஆள் இல்லை என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார்.

இங்கே மில்லிக்கனில் பிளாசாவுக்குப் பின்னால் ஒரு வீட்டுக் கதவைப் பொலிஸ் உடைத்துக்கொண்டு போனது. பதினைந்து கார், இரண்டு நாய், மேலே ஒரு ஹெலிகொப்ரர். சித்தி மூன்று கார் என்பாள், அவள் எண்ணத் தொடங்க முன் மற்றதெல்லாம் போய்விட்டது. உள்ளே பென்ரனில் என்கிற போதை மருந்தைக் கலந்து, மருந்துக்கடைக் குளிசை மாதிரியே அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதன் பிறகு கோவில் மண்டபத்தில் பொலிஸ் ஒரு கூட்டம் வைத்தது. வந்தது அனோஜா என்று எங்கள் தமிழ்ப் பிள்ளை, பொலிஸ் உடுப்போடு நின்று, அந்தப் பென்ரனில் உப்புக்கல் இரண்டு மூன்றளவே ஒரு ஆளை முடித்துவிடும் என்றாள். நான் எழும்பிப் பத்துக் கேள்வி கேட்டேன், அவள் பாவம் வேர்த்துப்போனாள். கடைசியில், அதை எடுத்து மூச்சு அடங்கியவரை மீட்க மூக்குக்குள் அடிக்கிற நலக்சோன் மருந்துப் பையை இலவசமாக நீட்ட, சனம் முழுக்கக் கையைப் பின்னால் கட்டியது. நான் மட்டும் வாங்கினேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். அந்தக் கிழமையே செபமாலைக்கு மாதா சுருவம் வீட்டுக்கு வருகிற முறை எங்களுக்கு, முப்பது சனம் வரும், அந்தப் பையைக் கண்டால் உங்கை ஆர் பாவிக்கிறது என்று கேட்கும். அதனால் நத்தாருக்கு வைக்கிற பாலன் குடில் பெட்டிக்குள், ஆட்டுப் பொம்மைகளுக்கும் இடையருக்கும் அடியில் அதை வைத்து, கயிறு கட்டி, அலுமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பேஸ்மென்ரில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். அங்கே வாடகைக்கு இருக்கிற சுந்தரராஜன் தமிழ்நாட்டு மனுசன், வேர்ஹவுசில் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்தவர். பட்டப்பகலில் இது என்ன நித்திரை என்று பகிடி விட்டுக்கொண்டு இறங்கினேன். மனுசன் நிலத்தில் கிடக்கிறார், சொண்டு நீலம். நான் பறந்து போய் அரை நிமிடத்தில் மருந்தை அடித்தேன் என்றுதான் கோவிலில் சொல்லியிருக்கிறேன். உனக்கு உள்ளதை எழுதுகிறேன். சித்தி போனை எடுக்க, பொலிஸும் வரும், வீட்டுக்குப் பேர் கெடும், கொஞ்சம் பொறு என்றேன். பேரை வைச்சு என்ன செய்யப்போறியள், ஆள் சாகுது என்று சொல்லி அவள் ஒன்பது ஒன்று ஒன்றை அடித்துவிட்டாள். நான் ஏணிக்குக் கராஜுக்கு ஓடி, பெட்டியை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, ஆடுகளை எல்லாம் வீசி எறிந்து, அடியில் கையை விட்டேன். அதற்குள் சித்தி அவரைச் சரித்துப் பிடித்துக்கொண்டு ஒன்பது அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டாள். முதல் தரம் அடித்தும் அசைவில்லை. இரண்டாவது அடித்தபோதுதான் மூச்சை இழுத்தார்.

அம்புலன்சோடு அனோஜாவும் வந்தாள். மனுசனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று நான் படியில் குறுக்கே நின்றேன். விலகுங்கோ அங்கிள், உவரைப் பிடிக்க நான் வரேல்லை, உதவிக்குப் போன் அடிச்ச ஆளையும் விழுந்த ஆளையும் குளிசை கையிலை வைச்சிருந்ததுக்குப் பிடிக்கேலாது எண்டு சட்டம் இருக்கு, வித்தவனைத்தான் தேடுறம் என்றாள். கூட்டத்திலும் இதைத்தான் சொன்னாளாம், நான் கேள்வி யோசித்துக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை. ஒரே ஒரு மாத்திரைதாங்க, இடுப்பு வலிக்கு நல்லதுன்னு கூட வேலை செய்யறவன் குடுத்தான் என்று சுந்தரராஜன் ஆஸ்பத்திரியில் அழுதார். இப்போது மேலே எங்களோடு இருந்து சித்தியின் சொதியைக் குடிக்கிறார்.

மகன், அந்தப் பையை நான் ஏன் வாங்கினேன் என்றால், உயிர்த்த ஞாயிறுக்கு நீ வந்தபோது உன் ஜக்கற்றைத் தோய்க்கப் போட முன் பொக்கற்றைப் பார்த்தவன் நான். கருகின வெள்ளித்தாளும் அரைக் குளிசையும் இருந்தன. கக்கூசில் போட்டுத் தண்ணீர் அடித்தேன், உன்னிடம் கேட்கவில்லை, சித்திக்கும் சொல்லவில்லை, அன்று பின்னேரமே கோவிலில் நின்று நீ நாற்பது பேருக்கு மனேச்சர் என்று சொன்னேன். உன் அப்பா, என் அண்ணை, போன பிறகு ஆறு வயதில் உன்னைக் கையேற்றவன், கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் மூடி வைத்தேன். ஆடுகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவியபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. நேற்றுச் சித்திக்கு எல்லாம் சொன்னேன். அவள் எழும்பிப் போய் உன் அறைக்குக் கட்டில் விரிப்பு மாற்றினாள். எனக்கு மனேச்சர் வேண்டாம், நீ வா, டிக்கெற் நான் போடுகிறேன். வர மனமில்லையென்றால் அங்கே ஒரு டொக்ரரிடமாவது போ. அதுவரை அந்தக் குளிசையைத் தனியாக இருந்து எடுக்காதே, கதவைப் பூட்டாதே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள், ஒருவரும் இல்லையென்றால் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விடு, நான் ஏச மாட்டேன், கதை சொல்லிக்கொண்டிருப்பேன், என்னிடம் கதைக்குப் பஞ்சம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், அண்ணையின் ஆத்துமா உன்னைக் காக்கட்டும். பார்சலில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே அனோஜாவிடம் புதிதாக வாங்கின ஒரு மருந்துப் பை இருக்கிறது. அதை அலுமாரியில் வைக்காதே, வாசலில் தொங்கவிடு. எங்கள் வீட்டிலும் இப்போது திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒன்று தொங்குகிறது. உது ஆருக்கு என்று, நேற்றுச் சுந்தரராஜனைப் பார்க்க வந்த செபமாலைக்காரர் கேட்டார்கள். என் மகனுக்கு என்றேன்.

உன் சித்தப்பா,
சீமோன்