சிக்கிக்கு வந்த கல்

தாராவி,
வியாழக்கிழமை

அன்பு மகள் தங்கமயிலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, உன் முகம் தெரியும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு சஃப்ரீனிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் படிக்காதே, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படி.

உன் கினிப் பன்றி சிக்கி இப்போது இல்லை மயிலு. போன மாதம் இருபத்திரண்டாம் தேதி போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கேட்டபோது டப்பாவுக்குள் தூங்குகிறது என்று சொன்னது பொய். சொன்னவன் நான்தான், அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் கூண்டில் விரித்த துணி சிவப்பாக இருந்தது. பீட்ரூட் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். நாலைந்து நாளில் மூத்திரம் போகும்போதெல்லாம் முதுகைக் குறுக்கிக்கொண்டு கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான் கீரைக்கட்டோடு உள்ளே நுழைந்தால் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று விசில் அடிக்குமே, அன்றைக்கு மூலையைவிட்டு அசையவில்லை. "அது வலியில அழுவுது, பீட்ரூட்டாம் பீட்ரூட்டு" என்று அம்மா சத்தம் போட்டாள். செம்பூர் டாக்டர் நாய், பூனைதான் பார்ப்பேன் என்றுவிட்டார். சஃப்ரீன்தான் போனில் தேடி சான்பாடாவில் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். மராத்திக்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயில் அந்தச் சின்ன மூத்திரப்பைக்குள் வெள்ளையாக ஒரு கல் தெரிந்தது, பட்டாணி அளவு. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் கீரைக்கடை வைத்திருக்கிறேன், தினமும் முதல் கட்டு பாலக் கீரை இதற்குத்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "ரோஜ் பாலக்?" தினமுமா என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். பிறகு மெதுவாகச் சொன்னாள், இதற்குக் காய்ந்த புல்லும் தண்ணீரும்தான் முக்கியம், பாலக் எப்போதாவது கொஞ்சம் கொடுக்கலாம், தினமும் கொடுத்தால் சிலவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகிவிடும் என்று. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன தாளிலும் அதுதான் இருந்தது. புல்லை ஒதுக்குகிறதே, பாலக் என்றால் ஓடி வருகிறதே என்று நான்தான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மருந்தில் கரையாது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும், மயக்கத்திலேயே போகவும் கூடும் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். உன்னைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்று போனை எடுத்தேன். "பரீட்சைக்கு ரெண்டு நாளுதான் இருக்கு, இப்பம் போயி அவளக் கலங்க வைக்காதீய" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானே போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எதையும் தொடவில்லை. வயிறு காலியாக இருந்தால் குடல் நின்றுவிடுமாம். டாக்டரம்மா கொடுத்த தீனிப் பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மணிக்கு ஒரு தடவை அம்மா ஊட்டினாள், நான் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொத்தமல்லித் தண்டைக் கடித்தது, அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நாலாம் நாள் வயிறு உப்பி, புழுக்கையும் நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள் காலை ஜிடிபி நகர் ஸ்டேஷனில் பன்வேல் ரயில் ஏறினோம். கூடை அம்மா மடியில் இருந்தது. துணிக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டே, "இந்தா வந்துட்டு, டாக்டரக்கா ஊசி போட்டா சரியாப் போவும்" என்று அதனோடு பேசிக்கொண்டே வந்தாள். வாஷி பாலத்தில் வண்டி போகும்போது நானும் கைவிட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, சான்பாடா வரும்வரை தண்ணீரையும் கட்டடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா குழாய் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டியபோது அம்மா அழவே இல்லை. க்ளினிக்குக்குப் பின்னால் ஒரு புங்கமரத்தடியில் வாட்ச்மேன் குழி வெட்டித் தந்தார், உன் பச்சைத் துப்பட்டாவில் சுற்றி வைத்தோம். திரும்பும்போதுதான் அம்மா சொன்னாள், "பாலத்துக்கு முந்தியே, மான்குர்த்லயே போயிட்டுங்க. நீங்க தாங்க மாட்டியன்னுதான் பேசிக்கிட்டே வந்தேன்."

எவ்வளவு பார்த்து வளர்த்தாலும் சிலவற்றுக்குக் கல் வரத்தான் செய்யும் என்று டாக்டரம்மா வாசல்வரை வந்து சொன்னாள். நிஜமா, ஆறுதலுக்கா தெரியவில்லை. மார்க்கெட்டில் பாலக் அடுக்கும்போது கை நின்றுவிடுகிறது. சஃப்ரீன் வேறொன்று வாங்கலாம் என்றாள். கூண்டைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாருக்காவது கொடுப்பதா, அப்படியே இருக்கட்டுமா என்று நீ சொல்லு, இனி உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நோயும் வருத்தமும் உன்னை நெருங்காமல் நீ நூறு வயது இருக்கவேண்டும். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அம்மாவை ஒன்றும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பண்ணாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சுடலைக்கண்ணன்