பின்னால் உட்கார்ந்து போன பையன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் ரத்த அழுத்தம் இன்று காலை நூற்று முப்பதுக்கு எண்பத்திரண்டு. அளந்து சொன்னது கீழ்வீட்டு நர்ஸ், அப்பா வாய்க்கு வந்தபடி சொன்னது இல்லை. எனக்கும் குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

புது வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இந்தப் படக் கம்பெனியில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. ஆபீஸ் என்று சொன்னால்தான் ஆபீஸ், வருவதற்கு நேரம் கிடையாது, அறைகளுக்குக் கதவு கிடையாது, சோபாவில் படுத்தபடியே வேலை பார்க்கிறார்கள், எடிட்டிங் செய்கிற பெண்ணின் மடியில் எப்போதும் ஒரு பூனை. இயக்குநர் உன்னைவிட இரண்டு வயது சின்னவள், முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள், இந்த வயதில் எனக்கு ஒரு மச்சினி கிடைத்தாளே என்று அப்பா இரண்டு நாள் சிரித்தார். நான் எதை எழுதிக் கொடுத்தாலும் சூப்பர் அக்கா என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பத்திரிகையில் திட்டு வாங்கியே பழகியவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன வாரம் சாலை விபத்து பற்றிய மூன்று நிமிடப் படம் ஒன்றுக்கு எழுதச் சொன்னார்கள். பையனைப் பறிகொடுத்த ஒரு தாயின் குரல் அதில் வருகிறது, தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள், போன வருஷம் வேறு ஏதோ படத்துக்காகப் பதிவு செய்தது. பையனுக்குப் பத்தொன்பது வயது, பைக்கை வேகமாக ஓட்டிப் போய் இறந்தான் என்று எனக்குக் கொடுத்த தாளில் இருந்தது. இறந்தவரின் வயதை அச்சுக்குப் போகுமுன் வீட்டாரிடம் ஒருதரம் கேட்டுவிடுவது பத்திரிகையில் எங்கள் வழக்கம், சனிக்கிழமை என் கை தானாகப் போனை எடுத்துவிட்டது, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் தப்புதான். அங்கே போயும் நிருபர் வேலை பார்க்காதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய்.

அந்தத் தாய் பதினேழு என்றாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள், சொன்னேன். தையல் மெஷின்களின் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனாள். பிறகு, "அவனுக்கு வண்டியே ஓட்டத் தெரியாதும்மா. பின்னால உக்காந்துதான் போனான்" என்றாள். தன் குரல் இந்தப் படத்தில் வரப்போவதும் அவளுக்குத் தெரியாது.

இயக்குநரிடம் சொன்னேன். யாரும் கத்தவில்லை பாப்பா, கத்தியிருந்தால் தேவலை. உங்களை யார் அக்கா போன் பண்ணச் சொன்னது என்று மெதுவாகக் கேட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு டீக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. படம் இந்த வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும், இரண்டு மாத உழைப்பு. வேகம் என்கிற வரியை மட்டும் எடுத்துவிடலாம், குரல் இருக்கட்டும், அந்தம்மா எங்கே பார்க்கப் போகிறார்கள் என்றான் கேமராக்காரன். ஞாயிறு முழுக்க அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் இயக்குநரிடம் போய், என்னை நிறுத்தினாலும் சரி, அந்தத் தாயைக் கேட்காமல் அந்தக் குரலோடு என் எழுத்து போகாது என்றேன். இப்படிச் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. மத்தியானம் அவள் கார்ச் சாவியோடு வந்து வாங்க போகலாம் என்றாள்.

தையல் கம்பெனி வாசலில் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தோம். இயக்குநர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹெட்போனை அவளிடம் கொடுத்தாள். அந்த அம்மா கடைசி வரை கேட்டாள், அழவில்லை. "நான்தான் பேசியிருக்கேன். ஆனா அன்னிக்கு அவன் போய் ஆறு நாள்தான் ஆகியிருந்துச்சு. என்ன பேசினேன்னு எனக்கே தெரியல" என்றாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் இயக்குநர், "பத்தொம்பதுன்னு எழுதினது நான்தான்க்கா. விபத்துன்னதும் அவன்தான் ஓட்டியிருப்பான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

உன் இருமலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது, பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே. அப்பா மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று செவ்வாய். என் வேலை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த அம்மா வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா